தர்மபுரியில் ஆறு சனிக்கிழமை: களப்பணியாளர் பயிற்சிக்குப் போய் வந்த அனுபவம்

தை மாதம் தொடங்கி ஆறு சனிக்கிழமை, காலை பத்து மணி முதல் மாலை நாலரை வரை. கட்டணம் 3,000 ரூபாய். மதியச் சாப்பாடு, இரண்டு வேளை டீ, ஒரு கையேடு எல்லாம் அதில் அடக்கம். இடம், தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு மாடி ஹால். 'சமூகப் பணியாளர்களுக்கான தகவல் தொடர்புத் திறன் பயிற்சி' என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். நடத்தியவர்கள் யார் என்று இங்கே எழுதவில்லை. குறைகளும் சொல்லப் போகிறேன், அவற்றைக் கடைசி நாளில் அவர்களிடமே சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

நான் பென்னாகரம் ஒன்றியத்தில் பதினொரு வருடமாகக் களத்தில் இருக்கிறேன். முதலில் மகளிர் சுய உதவிக் குழு வேலை, இப்போது நான்கு வருடமாகக் குழந்தைகள் தொடர்பான வேலை. படித்தது பி.ஏ. தமிழ். சமூகப் பணி என்று தனியாகப் படித்ததில்லை. பேசுவது எனக்குப் பிரச்சினையே இல்லை என்று நினைத்திருந்தேன். கிராம சபையில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன், வங்கி மேலாளரிடம் வாதாடியிருக்கிறேன். அப்புறம் ஏன் இந்தப் பயிற்சி என்றால், அதற்குக் காரணம் போன வருடம் நடந்த ஒரு விஷயம்.

பதினேழு வயதுப் பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு நடக்கிறது என்று தகவல் வந்து ஒரு வீட்டுக்குப் போனேன். போன வேகத்திலேயே 2006ஆம் வருடச் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். பெண்ணுக்கு 18, பையனுக்கு 21, மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஒப்பித்தேன். அப்பா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "சரிங்க மேடம், நிறுத்திடறோம்" என்றார். 'குடும்பத்தினர் ஒப்புக்கொண்டனர்' என்று ரிப்போர்ட் எழுதினேன். ஒன்பதாவது நாள் வீடு பூட்டிக் கிடந்தது. எல்லை தாண்டி உறவினர் ஊரில் தாலி கட்டி முடித்திருந்தார்கள். எங்கள் பக்கம் 'சரிங்க மேடம்' என்றால் பல நேரம் 'நீங்க கிளம்புங்க' என்றுதான் பொருள். இத்தனை வருடம் இங்கேயே இருந்தும் அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தைகூடத் தனியாகப் பேசாமல் வந்திருக்கிறேன். அது இன்னும் மனதை அறுக்கிறது.

வகுப்பில் மொத்தம் 22 பேர். கிருஷ்ணகிரியிலிருந்து எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) மாணவர்கள் ஐந்தாறு பேர், 1098 என்ற குழந்தைகள் உதவி எண் வேலையில் இருக்கும் ஒரு தம்பி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து மூன்று பேர், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர், மற்றவர்கள் என்னைப் போல. பயிற்சி கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒரு சார், ஒரு மேடம். மேடம் மருத்துவமனையில் நெடுங்காலம் கவுன்சிலிங் வேலை செய்தவர். இந்தப் பயிற்சிக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை என்று நான் சொல்வதற்கு முக்கால் பங்கு காரணம் அந்த மேடம்தான்.

முதல் சனிக்கிழமை முழுக்க அடிப்படை. கார்ல் ராஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்ன மூன்று குணங்கள், அதாவது எதிரில் இருப்பவர் நிலையில் நின்று உணர்வது, நிபந்தனை போடாமல் மதிப்பது, வேஷம் இல்லாமல் இருப்பது. இந்தியாவில் சமூகப் பணிக் கல்வி 1936இல் பம்பாயில் டாடா பள்ளியோடு தொடங்கியது என்ற வரலாறும் கொஞ்சம். தெரிந்துகொள்ள வேண்டியதுதான், ஆனால் அதற்கு ஒரு முழு நாள் அதிகம். அரை நாளில் முடித்திருக்கலாம்.

இரண்டாவது சனிக்கிழமைதான் எனக்குப் பெரிய அடி. ரோல் பிளே, அதாவது ஆளுக்கொரு வேடம் ஏற்று நடித்துப் பழகுவது. பள்ளிக்கு அனுப்பாமல் பெண்ணை வீட்டில் நிறுத்திய தாயாக அந்த ஓய்வு பெற்ற செவிலியர் அம்மா உட்கார்ந்தார். நான் நானாகவே போனேன். ஏழு நிமிடம். என் போனிலேயே ரெக்கார்ட் செய்யச் சொன்னார்கள். முடிந்ததும் மேடம் பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. "நீங்களே கேட்டு எண்ணிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து கேட்டேன். ஏழு நிமிடத்தில் ஐந்தே கால் நிமிடம் என் குரல். கேட்ட கேள்வி 14. அதில் 11 கேள்விக்கு 'ஆமா', 'இல்ல' என்று சொன்னாலே போதும். மீதி மூணு கேள்வியும் 'ஏன்' என்று ஆரம்பித்தது. "ஏன் அனுப்பல?", "ஏன் எங்ககிட்ட சொல்லல?" என்று என் குரலையே கேட்கும்போது, பள்ளிக்கூடத்தில் பெஞ்ச் மேல் ஏற்றி நிறுத்திய வாத்தியார் குரல் மாதிரி இருந்தது. அந்தச் செவிலியர் அம்மா இரண்டு இடத்தில் ஏதோ சொல்ல ஆரம்பித்திருக்கிறார். "அது வந்து கண்ணு..." என்று இழுக்கிறார். இரண்டு இடத்திலும் நான் குறுக்கே புகுந்திருக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அதே காட்சியைத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். இந்த முறை விதி ஒன்றே ஒன்று: 'ஏன்' கூடாது. 'என்ன ஆச்சு', 'எப்படி', 'சொல்லுங்களேன்', இவ்வளவுதான். "ஏன் பள்ளிக்கூடம் போகல?" என்ற இடத்தில் "பாப்பா கடைசியா ஸ்கூலுக்குப் போன அன்னைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்கு எதிரில் இருப்பவர் தன் பக்க நியாயத்தைத் தேடுவார். இரண்டாவதற்கு நடந்ததைச் சொல்வார். இதை எந்தப் புத்தகத்தில் படித்திருந்தாலும் எனக்கு ஏறியிருக்காது. அந்த நோட்டில் என் கையால் கோடு போட்டு எண்ணியதால் ஏறியது.

மௌனத்தைப் பற்றி மேடம் சொன்ன விதமும் பிடித்திருந்தது. "துக்க வீட்டுக்கு எல்லாரும் போயிருக்கீங்க இல்ல? அங்க போய் என்ன செய்வீங்க?" என்று கேட்டார். கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவோம் என்றோம். "யாராவது உங்களுக்கு அதுக்கு டிரெயினிங் கொடுத்தாங்களா?" என்றார். எங்களுக்குத் தெரிந்த ஒன்றை எங்கள் ஊர் வழக்கத்திலிருந்தே எடுத்துக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. அதற்கப்புறம் ஜோடி ஜோடியாக உட்கார வைத்து, ஒருவர் பேசி நிறுத்தியதும் மற்றவர் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் வாய் திறக்கவேண்டும் என்று பழக்கினார்கள். ஐந்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது சனிக்கிழமை சார் எடுத்த பகுதியில் எனக்கு உடன்பாடு இல்லாத இரண்டு விஷயங்கள் இருந்தன.

ஒன்று, 'சோலர்' (SOLER) என்று ஐந்து ஆங்கில எழுத்தில் ஒரு பாடம். ஜெரார்ட் ஈகன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970களில் வகுத்தது. நேருக்கு நேர் உட்காருவது, கை கால்களைக் கட்டிக்கொள்ளாமல் இருப்பது, கொஞ்சம் முன்னால் சாய்வது, கண்ணைப் பார்ப்பது, இறுக்கம் இல்லாமல் இருப்பது. இரண்டு நாற்காலி போட்ட கவுன்சிலிங் அறைக்கு இது சரி. எங்கள் வீடுகளில் நாற்காலி ஒன்றுதான் இருக்கும், அதில் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர்கள் தரையில் உட்காருவார்கள். மாமியார் வாசலில் இருக்க, புது மருமகள் யார் கண்ணையும் நேராகப் பார்க்க மாட்டாள். ஆண் பணியாளர் கண்ணைப் பார்த்துப் பேசினால் அடுத்த தடவை அவருக்கு அந்த வீட்டில் கதவு திறக்காது. 1098 தம்பி எழுந்து இதைச் சொன்னபோது, "அந்தந்த இடத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க" என்று சார் ஒரு வரியில் முடித்துவிட்டார். அந்த மாற்றிக்கொள்வதைத்தானே நாங்கள் கற்றுக்கொள்ள வந்தோம்?

இன்னொன்று, ஸ்லைடில் பெரிய எழுத்தில் இருந்த கணக்கு: பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, முகத்துக்கு 55. இது தவறான பாடம். ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்ற உளவியலாளர் 1967இல் செய்த சோதனைகளிலிருந்து வந்த எண்கள் இவை. தனித்தனி வார்த்தைகளை வெவ்வேறு குரலில் ஒலிக்கவிட்டு, முகப் படங்களைக் காட்டி, பேசுபவருக்குப் பிடித்திருக்கிறதா பிடிக்கவில்லையா என்று கேட்பவர்கள் எப்படி ஊகிக்கிறார்கள் என்று பார்த்தார். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். வார்த்தைக்கு ஏழு சதவீதம்தான் மதிப்பு என்றால், கன்னடம் மட்டும் பேசும் ஓர் அம்மாவின் வீட்டில் மொழி தெரியாமலே அவர் கஷ்டத்தில் 93 சதவீதத்தை நான் புரிந்துகொண்டுவிட வேண்டும். தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் அது நடக்காது என்பார்கள். அடுத்த அணிக்காவது அந்த ஸ்லைடை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்.

மொழி என்பதுதான் இந்தப் பயிற்சியில் பெரிய ஓட்டை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் வீட்டு மொழிகள். தளி, அஞ்செட்டி என்று போனால் ஒரே தெருவில் இரண்டு மொழி கேட்கும். அந்தப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு அக்கா சொன்னதை மறக்க முடியாது. ஒரு வீட்டில் அம்மாவுக்குத் தமிழ் வராது. பன்னிரண்டு வயது மகளை மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டார் இந்த அக்கா. அப்பா அடிப்பதைப் பற்றி அம்மா சொன்னதை அந்தக் குழந்தை வாயாலேயே கேட்க வேண்டியதாகிவிட்டது. "பாதியில நிறுத்தணும்னுகூட எனக்குத் தோணல" என்று அழுதார். குழந்தையை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரரையும் யோசித்துத்தான் கூப்பிட வேண்டும், மொழிபெயர்ப்பவரைப் பார்த்துப் பேசாமல் அந்த அம்மாவைப் பார்த்துப் பேச வேண்டும் என்று மேடம் சொன்னது நல்ல பாடம். ஆனால் அதற்குக் கிடைத்தது அரை மணி நேரம். இந்த இரண்டு மாவட்டத்துக்கென்று ஒரு பயிற்சி நடத்தினால் இதற்கு ஒரு முழு சனிக்கிழமை வேண்டும்.

நாலாவது வாரம் குடி. மில்லர், ரோல்நிக் என்ற இருவர் வளர்த்த முறை. அறிவுரை சொல்லாமல், குடிப்பவர் வாயிலிருந்தே மாற்றத்துக்கான காரணத்தை வரவைப்பது. ஒரு நாளில் கற்றுக்கொள்கிற விஷயம் இல்லை, ஆனால் ஒரு கேள்வி பயன்பட்டது: "குடியை விடணும்னு உங்களுக்கு எவ்வளவு தோணுது, பத்துக்கு எத்தனை?" அவர் மூன்று என்றால், ஏன் ஏழு இல்லை என்று கேட்கக் கூடாது. "ஒண்ணுன்னு சொல்லாம மூணுன்னு சொல்றீங்களே, அது எதனால?" என்று கேட்க வேண்டும். அப்போது அவரே தன் பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

அன்றைக்கே மதியம், முன்கூட்டி எதுவும் சொல்லாமல் தற்கொலை பற்றிய ரோல் பிளேயை ஆரம்பித்துவிட்டார்கள். எங்களில் ஒருவர் வீட்டில் இரண்டு வருடம் முன்பு அப்படி ஒரு சாவு. அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மேடம் வகுப்பை நிறுத்திவிட்டு அவரோடு போய் உட்கார்ந்தார், மாலை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்யச் சொன்னார். கவனித்துக்கொண்ட விதம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் காலையிலேயே சொல்லி, விருப்பம் இல்லாதவர்கள் விலகி இருக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லிக் கொடுத்த பாடம் மட்டும் மிக முக்கியமானது. நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயந்து நாங்கள் சுற்றி வளைப்போம். அந்தப் பயம் தேவையில்லை. "செத்துப் போயிடலாம்னு தோணுதாக்கா?" என்று அமைதியாகக் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆமாம் என்றால் அவரைத் தனியே விட்டுவிட்டு வரக் கூடாது. 14416 என்ற அரசு மனநல உதவி எண் எல்லார் போனிலும் பதிந்திருக்க வேண்டும் என்று அங்கேயே பதிய வைத்தார்கள்.

இப்போது மாசி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பள்ளிக்கு வரவில்லை என்று தகவல். போனபோது அம்மா வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் அந்த மாதங்களில் வீட்டுக்கு வீடு அந்த வேலைதான். ஓடு எடுத்த புளியைக் கல்லில் வைத்துச் சின்னச் சுத்தியால் தட்டிக் கொட்டையைத் தள்ளுவார்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. "உக்காருங்க மேடம்" என்று உள்ளே இருந்த நாற்காலியைக் காட்டினார். நான் அவர் பக்கத்தில் சாக்கு மேலேயே உட்கார்ந்தேன். எதிரில் இல்லை, பக்கத்தில். அவர் தட்டித் தள்ளியதிலிருந்து கொட்டையைப் பொறுக்க ஆரம்பித்தேன். இரண்டு பேர் கண்ணும் புளி மேலேயே இருந்தது.

மூன்றாவது வாரத்தில் மேடம் எழுதிப் பழக வைத்த வாக்கியத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். "அக்கா, நீங்க சொல்றத ஊருக்குள்ள யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா பாப்பாவுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் என்னால மறைக்க முடியாது. சொல்ல வேண்டிய எடத்துல சொல்லித்தான் ஆகணும்." குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில், தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருப்பதே குற்றம். அதனால் 'யாருக்கும் சொல்ல மாட்டேன்' என்று நாம் வாக்குக் கொடுக்கவே கூடாது. இதற்கு முன்னால் நான் எத்தனையோ வீட்டில் அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

"பாப்பா கடைசியா ஸ்கூலுக்குப் போன அன்னைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன். பதில் இல்லை. சுத்திச் சத்தம் மட்டும். ஐந்து எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். எத்தனை தடவை என்று தெரியவில்லை, கால்படி கொட்டை சேர்ந்திருக்கும். அப்புறம் தலை நிமிராமலே, "பஸ்ஸ விட்டுட்டு நடந்து வந்திருக்காக்கா" என்றார். 'மேடம்' போய் 'அக்கா' வந்ததை அப்போது கவனித்தேன். வழியில் பைக்கில் வந்த இரண்டு பையன்கள் கூடவே வந்து வம்பு செய்திருக்கிறார்கள். யாரோ பார்த்து ஊரில் பேச்சாகிவிட்டது. வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து பெண்ணை அடித்திருக்கிறார். வைகாசியில் தாய்மாமனுக்கே கொடுத்துவிடலாம் என்று பேசி முடித்திருந்தார்கள். "அவ பேர் கெட்டுப் போயிடுமோன்னு பயமா இருக்கு உங்களுக்கு" என்று அவர் சொன்னதையே சுருக்கித் திருப்பிச் சொன்னேன். சுத்தியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் பதினஞ்சுலதான் பண்ணாங்க" என்றார்.

படித்தால் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்று பழைய நான் அந்த இடத்தில் ஆரம்பித்திருப்பேன். அன்று அவரிடம் கேட்டேன், பாப்பா பத்திரமாகப் போய் வர என்ன இருந்தால் நல்லது என்று. "அங்கேயே தங்கிப் படிக்கிற மாதிரி இருந்தா பரவால்ல" என்றார். அரசு மாணவியர் விடுதி பற்றி அப்போதுதான் சொன்னேன். பெண்ணிடம் தனியாகப் பதினைந்து நிமிடம் பேசினேன். தகவல் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லப் போகிறேன் என்று அம்மாவிடம் திரும்பவும் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். சமூக நலத்துறையிலிருந்து வந்து பேசினார்கள், எழுதி வாங்கினார்கள். அப்பா என்னோடு இன்றுவரை பேசுவதில்லை. பெண் பொதுத்தேர்வு எழுதினாள்.

அந்த வீட்டுக்குப் பிறகு ரிப்போர்ட் எழுதும்போது ஐந்தாவது வாரப் பாடம் கை கொடுத்தது. 'தாய் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதுவது எங்களுக்குப் பழக்கம். நடந்ததை மட்டும் எழுதச் சொன்னார்கள்: 'மூன்று முறை சென்றேன். இரண்டு முறை கூலி வேலைக்குப் போயிருந்தார். மூன்றாவது முறை கதவைத் திறக்கவில்லை.' படிக்கிற அதிகாரிக்கு அந்தத் தாய் வேறு ஆளாகத் தெரிவார். இந்த ஒரு பாடத்துக்காகவே அலுவலகத்தில் இருப்பவர்களையும் அனுப்பலாம்.

ஆறாவது வாரம் திரும்பிப் பார்த்தல், சர்டிபிகேட், போட்டோ. சாப்பாடு நன்றாக இருந்தது, நாலாவது வாரம் ராகிக் களியும் கீரைக் கடைசலும் போட்டார்கள். கையேட்டில் பாதி ஆங்கிலச் சுருக்கெழுத்து. தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக் கேட்டு எழுதினார்கள். இரண்டு ஃபேன் போட்ட சத்தத்தில் பின்வரிசைக்கு ரோல் பிளே கேட்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: களத்தில் குறைந்தது ஒரு வருடமாவது இருந்துவிட்டுப் போங்கள், அப்போதுதான் ரோல் பிளேயில் சொல்ல உங்களிடம் ஒரு வீடு இருக்கும். மேடம் எடுக்கும் நாட்கள் எவை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், முடிந்தால் அந்த நாட்களுக்கு மட்டும் கட்டணம் கட்ட முடியுமா என்றும் கேளுங்கள். போனில் இடம் காலி செய்து, இயர்போன் கொண்டுபோங்கள். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பஸ்ஸுக்காக மூன்று மணிக்கே கிளம்ப வேண்டியிருந்தது, மதிய ரோல் பிளே அவர்களுக்குப் பாதிதான் கிடைத்தது. அடுத்த அணி ஆடி முடிந்து ஆரம்பிக்கிறதாம். ஓசூரிலோ தேன்கனிக்கோட்டையிலோ ஒரு அணி வையுங்கள் என்று கேட்டிருக்கிறோம். கன்னடம், தெலுங்கு தெரிந்த பயிற்சியாளர் கிடைத்தால் வைப்பதாகச் சொன்னார்கள்.